குரல் உடையும் இடம்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேத்தியோடு உட்கார்ந்து 'டாய் ஸ்டோரி 2' பார்த்தேன். வுடி என்ற கௌபாய் பொம்மை நடித்த ஒரு பழைய டி.வி. தொடர் அந்தப் படத்துக்குள் வரும். அதன் தொடக்கப் பாட்டை மட்டும் மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னாள். "யாரு தாத்தா பாடறது?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த, ரொம்பப் பிடித்த குரல்கள்தான். சொல்லச் சொல்ல அது பெரிய கதையாகிவிட்டது. அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவர்கள் 'ரைடர்ஸ் இன் த ஸ்கை' குழுவினர். 1977 நவம்பர் 11 அன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ஒரு சின்ன விடுதியில் முதன்முதலாக மேடை ஏறினார்கள். அப்போது கௌபாய் பாட்டுக்குச் சந்தையே கிடையாது. ஜீன் ஆட்ரியும் ராய் ராஜர்ஸும் குதிரைமேல் உட்கார்ந்து பாடிய படங்கள் ஐம்பதுகளிலேயே ஓய்ந்துவிட்டன. 'சன்ஸ் ஆஃப் த பயனீர்ஸ்' குழு முப்பதுகளில் வளர்த்த அந்த மூன்று குரல் இணைப்பு பழைய இசைத்தட்டுகளோடு நின்றுபோயிருந்தது.

அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் யாரும் மாடு மேய்த்துப் பிழைத்தவர்கள் இல்லை. ரேஞ்சர் டக் என்ற டக்ளஸ் கிரீன், நாட்டுப்புற இசையின் வரலாற்றைத் திரட்டிப் பாதுகாக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். டூ ஸ்லிம் என்ற ஃப்ரெட் லபோர் வனவிலங்கு மேலாண்மையில் முதுகலைப் பட்டதாரி. ஃபிடில் வாசிக்க 1978-இல் வந்து சேர்ந்த வுடி பால், எம்.ஐ.டி.யில் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓய்வு நேரத்தில் பாடியிருக்கலாம். முழுநேரமாக இதிலேயே இறங்கினார்கள்.

1982-இல் நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி இசை நிகழ்ச்சியான 'கிராண்ட் ஓல் ஆப்ரி' அவர்களை உறுப்பினர்களாக ஏற்றுக்கொண்டது. பிறகு ஜோயி மிஸ்குலினின் அக்கார்டியன் வந்து சேர்ந்தது. இரண்டு கிராமி விருதுகள், ஏழாயிரத்தையும் தாண்டிய கச்சேரிகள்.

மேடையில் சிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது. டூ ஸ்லிம் தன் இரண்டு கன்னங்களையும் கையால் தட்டுவார். வாயைத் திறந்து, குவித்து, கொஞ்சம் மூடி ஒவ்வொரு தட்டலையும் ஒரு சுரமாக்கி, முழு மெட்டையே வாசித்துவிடுவார். சபை வயிறு குலுங்கச் சிரிக்கும்போதே அடுத்த பாட்டு தொடங்கிவிடும். மூன்று குரல்களும் ஒரு நூலில் கோத்த மாதிரி வந்து விழும். விளையாட்டெல்லாம் பேச்சோடு சரி, பாட்டில் ஒரு இழைகூடத் தளர விடமாட்டார்கள். இத்தனை வருஷம் அவர்களை நிறுத்தியது இந்தக் கண்டிப்புதான் என்பது என் எண்ணம்.

அப்புறம் அந்த யோடலிங். அடிக்குரலில் போய்க்கொண்டிருக்கும் பாட்டு, சட்டென்று பொய்க்குரலுக்குத் தாவும். அங்கே நிற்காமல் உடனே கீழே குதிக்கும். தாவுகிற இடத்தில் குரல் ஒரு கணம் உடையும். எந்தப் பாட்டு வாத்தியாரும் அந்த உடைசல் வெளியே தெரியாமல் பாடத்தான் சொல்லிக்கொடுப்பார். யோடல் பாடுகிறவர் அதையே எடுத்துச் சபை நடுவே வைக்கிறார். ரேஞ்சர் டக் அதில் மன்னர். கீழ்க்குரலின் கனமும் மேல்குரலின் மெல்லிசும் ஒரே மூச்சில் வரும்போது, எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

டெக்சாஸிலிருந்து கான்சாஸுக்கு மாடுகளை ஓட்டிப் போன அசல் கௌபாய்கள், ராத்திரிக் காவலில் மந்தை மிரளாமல் இருக்க மெதுவாகப் பாடியிருக்கிறார்கள். ஆனால் யோடல் வேறு ஊர்ச் சரக்கு. ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களின் கூவல் அது. ஊர் ஊராகப் போன பாட்டுக் குழுக்களோடு கடல் தாண்டி அமெரிக்கா வந்தது. ரயில்வேயில் பிரேக்மேனாக இருந்த ஜிம்மி ராஜர்ஸ், 1927 நவம்பரில் அதை ப்ளூஸோடு கலந்து இசைத்தட்டில் பதித்தார். காசநோய் 35 வயதில் அவரைக் கொண்டுபோய்விட்டது. அதற்குள் அந்தத் தாவல் நாடெங்கும் பரவியிருந்தது. 1935-இல் பாட்ஸி மொன்டானா ஒரு கௌபாயின் காதலியாக ஆசைப்படும் பெண்ணாகப் பாடிய பாட்டு, பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது.

அந்தத் தாவல் நம் ஊருக்கும் வந்தது. தூத்துக்குடியில் பிறந்த நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபு அதைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தபோது, ரேடியோ வைத்திருந்த டீக்கடை வாசலில் கூட்டம் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர் குரலை முதலில் எங்கே கேட்டீர்கள் என்று எழுதுங்கள்; படிக்க ஆசையாக இருக்கிறது.

பேத்தி இப்போது குளியலறையில் பாடிப் பழகுகிறாள். மேலே போகிறாள், குரல் உடைகிறது, நிறுத்திவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வருகிறாள். அவள் அம்மா, "தண்ணி ஆறிப்போச்சுடி" என்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்