சப்பாத்து வாங்குமுன் நடையைக் கேளுங்க

போன முறை மணிகல மலையிலிருந்து இறங்கும்போது எங்களில் இரண்டு பேர் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, அடுத்தடுத்து வழுக்கி விழுந்தோம். ஒருத்தன் காலில் கணுக்கால் வரை ஏறும் மொத்த பூட்ஸ். ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கியது. மற்றவன் காலில் பாடசாலைக் காலத்து கான்வாஸ் சப்பாத்து, அடிப்பகுதி தேய்ந்து கண்ணாடி மாதிரி. விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். விழுந்த விதத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

எங்களுக்கு முன்னால் போன ஊர்க்கார மாமா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் போட்டிருந்தது இறப்பர் செருப்பு.

அன்றைக்கு இரவு ரத்தொட்டைக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது இதுதான் பேச்சு. "அப்போ செருப்பே போதும், ஏன் காசை வீணாக்கணும்?" என்று ஒரு கட்சி. "இல்லடா, நல்ல பிராண்டா வாங்கியிருக்கணும்" என்று இன்னொரு கட்சி. இரண்டுமே பிழை என்பதுதான் இப்போது எங்கள் கருத்து. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்களைத் திருத்தியது கனடாவில் இருக்கும் மச்சான் ஒருத்தன். அவன் இப்போது பனிச்சறுக்குப் பலகை பழகுகிறான். பலகையையும் பூட்ஸையும் இணைக்கிற பட்டியை பைண்டிங் என்பார்கள். காலின் அசைவைப் பலகைக்குக் கொண்டுபோவது அதுதான். அதை வாங்கக் கடைக்குப் போனவனிடம், விலையைப் பற்றிப் பேசுமுன் கேட்டார்களாம்: "நீ எப்படி ஓடுவாய்?" மெதுவாகப் பழகுகிறவனுக்கும், குதித்துச் சுழன்று விளையாடுகிறவனுக்கும் இளக்கமான பைண்டிங். செங்குத்துச் சரிவில் வேகமாக இறங்குகிறவனுக்கு விறைப்பானது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறவனுக்கு நடுத்தரம். புதிதாகப் பழகுகிறவன் ஆசைப்பட்டு ஆக விறைப்பானதை வாங்கினால், கால் கொஞ்சம் பிசகினாலும் பலகை உடனே திரும்பிவிடும், விழுவான். விலை கூடியதுதான் நல்லது என்ற கணக்கு அங்கே எடுபடாது.

எங்களுக்குப் பனியும் இல்லை, பலகையும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்களுக்கும் பொருந்துகிறது. நீங்க எப்படி நடப்பீங்க? எங்கே நடப்பீங்க?

மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே பாருங்க, எத்தனை விதமான நடை. சீகிரியா என்றால் ஏறத்தாழ 1,200 படி; காய்ந்த கல், இரும்புப் படிக்கட்டு, தலைக்கு மேல வெயில். அதற்குப் பாரமான பூட்ஸ் தேவையே இல்லை. இலேசான, வளைந்து கொடுக்கும் சப்பாத்து போதும். தம்புள்ளை குகைக் கோயிலில் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். நடுப்பகலில் கல்லு சுடுகிற சூட்டில் ஒரு மேஸ் கொண்டுபோகாதவன் துள்ளித் துள்ளித்தான் நடப்பான். ரிவர்ஸ்டன் கோபுரத்துக்கு ஏறுவது பாதி வீதி நடை. அங்கே காலை விடக் காற்றுத்தான் பிரச்சினை. பிட்டவல பத்தனையில் பாறை மேல் மெல்லிய மண், அதன் மேல் புல். வெயிலில் சுகம், மழையில் சவர்க்காரம். நக்கிள்ஸ் காட்டுக்குள் இறங்கிவிட்டால் கதையே வேறு: சருகு, வேர், பாசி பிடித்த கல், ஓடை, அட்டை. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு அது. அட்டைக்கு அதெல்லாம் தெரியாது, மரபுரிமை பார்க்க வந்தவனையும் கடிக்கும்.

இத்தனைக்கும் ஒரே சப்பாத்து என்று எவன் விற்றாலும் நம்பாதீங்க. விழுந்து எழும்பி நாங்கள் படித்ததைச் சொல்கிறோம்.

முதலாவது, அடிப்பகுதி. ஈரப் பாறையில் பிடிப்பது இறப்பரின் மென்மை. சேற்றில் பிடிப்பது பற்களின் ஆழம். எங்கள் ஆளின் விலை கூடிய பூட்ஸில் பல் ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் இறப்பர் கட்டை மாதிரி. சேற்றுக்கு அது ராஜா, பாசிக் கல்லில் கூஜா. கடையில் அடிப்பகுதியை நகத்தால் அழுத்திப் பாருங்க. கொஞ்சம் அமுங்கினால் கல்லுக்கு நல்லது.

இரண்டாவது, விறைப்பு. நுனியையும் குதியையும் பிடித்து வளைத்துப் பாருங்க. முதுகில் கூடாரமும் சாமானும் சுமந்து இரண்டு நாள் நடக்கிறவர்களுக்கு வளையாத அடி உதவும். ஒரு தண்ணிப் போத்தலோடு காலையில் ஏறிப் பின்னேரம் இறங்குகிறவர்களுக்கு அது காலைக் கடிக்கும். பாதத்துக்குக் கீழே கல் இருப்பதே தெரியாது. மாமா வழுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்: மெல்லிய செருப்பு வழியாகக் கல்லைக் கால் உணர்ந்துகொண்டே இருந்தது.

மூன்றாவது, தண்ணி. தண்ணி புகாத சப்பாத்து என்று பெருமையாக விற்பார்கள். எங்கள் மழை மேலே இருந்து காலில் வழிந்து உள்ளே போகிற மழை. புகுந்த தண்ணி பிறகு வெளியே போகாது. நாள் முழுக்கக் குளத்தைச் சுமந்துகொண்டு நடக்கலாம். ஓடை தாண்டும் பயணத்துக்குத் தண்ணி வடிகிற துணிச் சப்பாத்துத்தான் நல்லது. அட்டைக்கு நெருக்கமாக நெய்த நீள அட்டை மேஸைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்டினால் போதும்.

நாலாவது, அளவு. பின்னேரத்தில் போய் வாங்குங்க, அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையில் போடும் அதே மேஸைப் போட்டுப் பாருங்க. விரலுக்கு முன்னால் பெருவிரல் அகல இடம் வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுக்கும். குதி மட்டும் மேலே எழும்பக் கூடாது.

கடைசியாக ஒன்று. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டு பூட்ஸைப் பார்த்து மயங்காதீங்க. வருஷக்கணக்காகப் பெட்டியில் கிடந்தவற்றின் நடு அடியும் பசையும் ஈரப்பதத்தில் மக்கியிருக்கும். எங்களில் ஒருத்தியின் இரண்டு அடியும் ஒரே நாளில் கழன்று, கொடியால் கட்டிக்கொண்டு இலுக்கும்புர வரை வந்தாள்.

இதுவரை சொன்னது மலையேறப் போகிறவர்களுக்கு. ஆனால் முதல் கட்சி கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை: செருப்பே போதாதா?

"அவங்களுக்குப் பழக்கம்" என்று நாங்களும் ஆரம்பத்தில் சொன்னோம். மாமாவைப் பார்த்துச் சொன்னோம், பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்தபோது வாய் அடைத்துப்போனது. எங்களில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். நாங்கள் வருஷத்தில் நாலு தடவை படம் எடுக்க ஏறும் சரிவு மாதிரியான சரிவில், எங்கள் அம்மாமார் கொழுந்துக் கூடையோடு தினமும் ஏறி இறங்குகிறார்கள், தேய்ந்த செருப்பில் அல்லது வெறுங்காலில். அந்தக் கால் வழுக்குவதில்லை என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தக் குதிவெடிப்பை யார் பார்த்தது?

இந்த நடை புதிதில்லை. கோப்பிக் காலத்தில் எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை சுமார் 150 மைல் காட்டு வழியில் நடந்தே வந்தார்கள். மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல்தான். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. தோட்டத்தில் கொக்கிப்புழு காத்திருந்தது. மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக உடம்புக்குள் போய், ரத்தத்தைக் குடித்து, ஆளைச் சோகையாக்கும் புழு. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் அதை ஒழிக்க இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தது. அதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், 2008ஐ நினைத்துப் பாருங்க. அந்த வருஷம் நாட்டில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானார்கள். மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. அந்தக் கிருமி சேற்றுத் தண்ணியிலிருந்து தோலில் உள்ள வெடிப்பு, காயம் வழியாக உள்ளே போகும். பழக்கப்பட்ட காலுக்கும் வெடிப்பு உண்டு.

ஆகவே செருப்பு போதும் என்ற கட்சிக்கு எங்கள் பதில்: போதாது. வேறு வழியில்லாமல் போட்டிருப்பதைத் தெரிவு என்று சொல்லாதீங்க.

ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் பேசினோம், 2021இல் வர்த்தமானி வந்தது. அந்தப் பேச்சில் காலைப் பற்றி ஒரு வார்த்தை எங்கள் காதில் விழுந்ததில்லை. சம்பளம் முதலில் என்பது சரிதான். ஆனால் வேலைக்கு ஏற்ற சப்பாத்தும் வேலையின் ஒரு பகுதிதான். தொழிற்சாலையில் கையுறை கேட்பது நியாயம் என்றால், மலையில் காலுக்குக் கேட்பதும் நியாயம்தான்.

கேட்பதற்கு முன் என்ன கேட்பது என்று தெரிய வேண்டுமே. அதனால் கனடாக் கடைக்காரன் கேட்ட கேள்வியை எங்கள் வீடுகளில் கேட்டுப் பார்த்தோம். பாரம் வேண்டாம் என்றார்கள். தண்ணி வடியணும், ஆனால் அட்டை ஏறக் கூடாது. நீள இறப்பர் பூட்ஸ் வேண்டாம், வெயிலில் உள்ளே வேர்த்துக் கால் நழுவும், சரிவில் கணுக்கால் மடங்காது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் உட்காரும்போது சட்டென்று கழற்றிக் காலை ஆறவிட முடியணும். ஐந்து நிமிஷத்தில் இவ்வளவும் சொன்னார்கள். மலைச் சப்பாத்தைப் பற்றி நாங்கள் மாதக்கணக்கில் தேடிப் படித்ததை விடத் தெளிவாகச் சொன்னார்கள். இதற்கு முன் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அப்படி ஒன்றைத் தேடி ஊர்க் கடைகளில் ஏறி இறங்கினோம். பாடசாலைக்கு உண்டு, கல்யாணத்துக்கு உண்டு, கந்தோருக்கு உண்டு. கொழுந்து மலைக்கு இல்லை. கடைசியில் தண்ணி வடியும் துணிச் சப்பாத்து ஒன்றையும் அட்டை மேஸையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

அளவுக்காக எங்களில் ஒருத்தன் அம்மாவைப் பழைய பேப்பர் மேல் நிற்க வைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தான். "எனக்கு எதுக்குடா? இன்னும் நாலு வருஷத்துல வேலைய விட்டுடுவேன்" என்றார். வரைந்து பார்த்தால் வலது காலை விட இடது கால் அரை விரல் அகலம். கூடைப் பாரத்தில் அப்படித்தான் ஊன்றி ஊன்றி நடந்திருக்கிறார். இருபது வருஷமாக அவர் போட்ட எந்தச் செருப்பும் அந்தக் காலுக்கு அளவாக இருந்திருக்க முடியாது.