குடித்தனக் குறிப்புகள்: ரவை இட்டிலியும் பழைய நாற்காலியும்

மார்கழி பிறந்துவிட்டால் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் முறையீடு, மாவு பொங்கவில்லை என்பதுதான். மதுரையிலும் திருச்சியிலும் இரவு அரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிந்துவிடும். இங்கோ, கம்பளியால் போர்த்தி அடுப்பருகே வைத்தாலும் காலையில் அரைத்தபடியே கிடக்கும். அன்று இட்டிலி கல்லாகும். இல்லத்தரசியின் முகம் வாடும். ஊரிலிருந்து வந்த மாமியாரும் உடன் இருந்துவிட்டால் கேட்க வேண்டுவதில்லை.

இக்குறைக்கு மருந்து இவ்வூரிலேயே பிறந்திருக்கிறது. உடுப்பிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த மையா சகோதரர்கள் 1924ஆம் ஆண்டில் ஒரு சிற்றுண்டிச் சாலை தொடங்கினார்கள். லால்பாக் சாலையில் அமைந்து, 1960இல் மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்று பெயர் பெற்றது அதுவே. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 மார்ச்சு மாதத்தில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. தென்னாடெங்கும் அரிசித் தட்டுப்பாடு. அரிசியில்லாமல் இட்டிலி செய்வது எவ்வாறு? கோதுமை ரவையைக் கொண்டு முயன்று பார்த்ததன் பயனே ரவை இட்டிலி என்பது அந்நிறுவனத்தார் கூறும் வரலாறு. பஞ்ச காலத்துப் பதிலியாக வந்த பண்டம், அரிசி மீண்டும் வந்த பிறகும் இலையை விட்டு அகலவில்லை. இன்றும் அங்கு அதற்காகவே வரிசையில் நிற்பவர்கள் உண்டு. அடியேனும் நின்றிருக்கிறேன்.

செய்முறை எளிது. ஒரு கோப்பை ரவையைச் சிறிது நெய்யில் மணம் வர வறுத்து ஆறவிடுக. கடுகு, கடலைப் பருப்பு, கறிவேப்பிலை, பச்சைமிளகாய், இஞ்சி ஆகியவற்றைத் தாளித்துச் சேர்க்க. முந்திரி இருந்தால் நன்று; இல்லையேல் நிலக்கடலை போதும். ஒரு கோப்பை புளித்த தயிரும் உப்பும் இட்டுக் கலந்து கால் மணி நேரம் வைத்தால் ரவை ஈரத்தை உறிஞ்சி இறுகும். வேண்டுமளவு நீர் விட்டுத் தளர்த்தி, கடைசியாகக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து, உடனே தட்டில் ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வைக்க. உடனே என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தயிரின் புளிப்பும் சோடாவும் கூடும்போது கரிவாயு குமிழிகளாக எழுகிறது. இரவு முழுதும் நொதித்து மாவு செய்யும் வேலையை அது சில நிமிடங்களில் செய்துவிடுகிறது. கலந்த மாவை வைத்துவிட்டு அண்டை வீட்டாருடன் பேசிக்கொண்டிருந்தால் குமிழிகள் அடங்கிவிடும், இட்டிலியும் அடங்கிவிடும். ஆயத்த மாவுப் பொட்டலம் கடையில் கிடைக்கிறது, அறிவேன். ஆயினும் ரவையும் தயிரும் உள்ள வீட்டில் அதற்கு வேலையில்லை.

நிற்க. சமையற்கட்டைத் தாண்டிக் கூடத்திற்கு வருவோம். பலர் குடித்தனத்தின் கடன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டு உரிமையாளருக்கு முன்பணம் கட்டிய கையோடு, ஊரார் வந்தால் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சித் தவணையில் சாமான் வாங்கும் வழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. நானும் வாங்கினேன். பளபளப்பான அலமாரி, பதினெட்டு மாதத் தவணை. ஏழாம் மாதம் ஐப்பசி மழையில் வாடகை வீட்டுச் சுவர் ஓதம் கண்டது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையால் ஆன அலமாரியின் அடி, நீரில் ஊறிய ரொட்டியைப் போல் உப்பிற்று. கதவு சாத்த மறுத்தது. அலமாரி தெருவுக்குப் போன பின்னரும் பதினோரு தவணைகள் கட்டினேன். அந்தப் பதினோரு மாதமும் என் மனைவி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் பொறுக்க முடியாதிருந்தது.

அதன் பிறகே சிவாஜிநகரில் பழைய மரச்சாமான் விற்கும் கடைகளுக்குப் போகத் தொடங்கினேன். பிரம்பு கிழிந்து, கால் ஆடி, பச்சை வண்ணம் பூசிக் கிடந்த ஒரு நாற்காலியைக் கவிழ்த்து அடிப்புறத்தைச் சுரண்டிப் பார்த்தேன், தேக்கு. பழைய சாமான் வாங்குவோர் முன்புறத்தைப் பாராமல் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். சிறு துளைகள் இருந்து, தட்டினால் மாவு போல் தூள் உதிர்ந்தால் விலை எதுவாயினும் விட்டுவிடுக. உளுத்த மரம் வீட்டிலுள்ள நல்ல மரத்தையும் கெடுக்கும்.

ஆடும் காலுக்கு ஆணி அடிப்பது நம்மவர் செய்யும் முதற் பிழை. ஆணி மரத்தைப் பிளக்கும். ஆட்டம் மீண்டும் வரும். பழைய நாற்காலிகளின் மூட்டுகள் பெரும்பாலும் வச்சிரத்தால் ஒட்டப்பட்டவை. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் வச்சிரம் இளகிக் கால் கையோடு வரும். பழைய பசையை முழுதும் சுரண்டிவிட்டுப் புதிய மரப்பசை தடவிப் பொருத்தி, நான்கு கால்களையும் கயிற்றால் சுற்றி, கயிற்றினிடையே ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்குக. ஒரு பகல் ஓர் இரவு தொடாதிருக்க வேண்டும்.

வண்ணத்தை நீக்குவதில் ஓர் எச்சரிக்கை. வீட்டு வண்ணங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்னும் மைய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய வண்ணத்தில் ஈயம் மிகுதியாக இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அத்தூள் காற்றில் பறந்து குழந்தைகள் உடலில் சேரும். அவர்களது மூளை வளர்ச்சிக்கு அது கேடு. ஆகவே திறந்த வெளியில், குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, முகக்கவசம் அணிந்து, நீர் தொட்டு மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். நீர் தொடத்தக்க உப்புத்தாள் தனியே கிடைக்கும். கழிவைத் துணியால் துடைத்தெடுத்துக் கட்டிப் போடுக.

மரம் நன்கு உலர்ந்த பின் அரக்கைச் சாராயத்தில் கரைத்த மெருகெண்ணெயைப் பஞ்சுப் பொதியால் நான்கைந்து முறை மெல்லப் பூசினால் தேக்கின் நிறம் எழுந்து வரும். நாற்காலிக்கு இது போதும். மேசைக்கு ஆகாது, சூடான காப்பிக் குவளை வைத்த இடமெல்லாம் வெண்வளையம் விழும். கிழிந்த பிரம்புக்குப் பதிலாகக் கட்டில் நாடா வாங்கினேன். ஓரங்குல அகலத்தில் ஏறத்தாழ முப்பது மீட்டர். முதலில் முன்சட்டத்திற்கும் பின்சட்டத்திற்குமாகச் சுற்றி, பிறகு குறுக்கே ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பின்னிக்கொண்டு போனால் ஒரு மாலையில் இருக்கை ஆயத்தம்.

சிக்கனம் என்று சொல்லிக்கொண்டு எதையும் வீட்டுக்குள் கொண்டுவரலாகாது. நான் இரயில்வே ஊழியன் என்பதால், பழைய சிலீப்பர் கட்டை கிடைக்குமா, உணவு மேசை செய்ய வேண்டும் என்று கேட்கும் நண்பர்கள் பலர். உளுக்காமலிருக்கும் பொருட்டுக் கிரியோசோட் என்னும் தார் எண்ணெயில் ஊறவைத்த கட்டைகள் அவற்றுள் உண்டு. அவ்வெண்ணெய் தோலை எரிக்கும். புற்றுநோய்க்கும் காரணமாகலாம் என்பது மருத்துவ அறிஞர் கருத்து. சோறு வைக்கும் இடத்தில் அதற்கு இடமில்லை. சரக்குப் பெட்டிகளின் அடியில் வரும் பலகைத் தட்டுகளையும் பலர் அலமாரியாக்குகிறார்கள். வெளிநாட்டு வாணிகத்தில் வரும் தட்டுகளில் ஆங்கில எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கியது. கறையோ நாற்றமோ இல்லையேல் கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு ஊட்டியது. அதைத் தொட வேண்டா.

நாற்காலி இப்போது சமையற்கட்டு வாயிலில் கிடக்கிறது. அலமாரி நாளிலிருந்து மௌனம் காத்தவர் அதில் அமர்ந்துதான் கறிவேப்பிலை உருவுகிறார். சென்ற ஞாயிறு, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்.

நாடா பின்ன அறியாத அன்பர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கத்து முற்றத்திற்கு நாற்காலியைக் கொண்டு வரலாம். நாடாவும் உப்புத்தாளும் தாங்களே வாங்கி வருக. பசை என்னிடம் இருக்கிறது.