இயந்திரம் வாங்கப் பணமுண்டு, பராமரிக்க நேரமில்லையா?

தளபாட வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள எமது சகோதரர்களில் பலர் கடையில் ஆரம்பித்து, பின்னர் சொந்தப் பட்டறை போட்டு, மெலமைன் பலகையில் அலுமாரி செய்யும் நிலைக்கு வந்தவர்கள். நானும் அப்படி வந்தவன்தான். அவ்வாறு வளரும்போது நாம் விடும் ஒரு தவறைப் பற்றி, அதை நானே விட்டவன் என்ற வகையில், எழுத நினைக்கிறேன்.

பலகையில் ஒரே தடவையில் பல துளைகளை இடும் இயந்திரத்தைப் பலரும் கண்டிருப்பீர்கள். ஒரேயொரு மோட்டார் பற்சக்கர வரிசையொன்றைச் சுழற்ற, 32 மில்லிமீற்றர் இடைவெளியில் இருபதுக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்கள் ஒன்றாகச் சுழலும். பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோர்த்திருப்பதால் ஒரு ஸ்பிண்டில் வலமாகச் சுழன்றால் அடுத்தது இடமாகச் சுழலும். ஆகவே பிட்டிலும் வலது, இடது என இரு வகை உண்டு. இடம் மாற்றிப் பூட்டினால் பலகை கருகும். அந்தச் சுமை முழுவதும் பெயாரிங்கில் விழும்.

ஐரோப்பாவில் பாவித்த இயந்திரமொன்றை நான் வாங்கினேன். விலை பேசுவதில் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட அதன் கைந்நூலைக் கேட்டு வாங்குவதில் காட்டவில்லை. தினமும் மாலையில் காற்றடித்துத் துப்புரவு செய்யும்படி சொன்னதும் நானே. துப்புரவுதானே, நல்லதென்று நினைத்தேன். அந்தக் காற்று மரத்தூளை சீல்களைத் தாண்டி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

விடுதியொன்றுக்கு 60 அலுமாரிகள் செய்துகொண்டிருந்தபோது வேலைக்காரத் தம்பி வந்து, “நானா, ஒரு ஓட்டை மட்டும் பெரிசா விழுது” என்றான். “இந்த ஓர்டர் முடியட்டும், பார்ப்போம்” என்றேன். 8 மில்லிமீற்றர் துளை சற்று அகன்றாலே மர ஆணி ஆடும், பசை பிடிக்காது. மூன்று மாதத்தில் 22 அலுமாரிகள் திரும்பி வந்தன. வாடிக்கையாளர் திரும்பி வரவில்லை.

திறந்து பார்த்தபோது கிறீஸ் தூளோடு சேர்ந்து களிமண்ணாக இறுகியிருந்தது. ஒரு பெயாரிங் தேய்ந்து, பக்கத்துப் பற்சக்கரத்தையும் கெடுத்திருந்தது. பெயாரிங் பிரச்சினையல்ல, அதன் இலக்கத்தைக் காட்டினால் கொழும்பிலேயே எடுக்கலாம். பற்சக்கரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அது 2022, வங்கியில் எல்சி திறப்பதே பெரும்பாடாக இருந்த காலம். நான்கு மாதங்கள் காத்திருந்தேன். கழற்றிப் பூட்டுவதுதான் பெரிய வேலை என்பதால் எல்லாப் பெயாரிங்குகளையும் ஒன்றாகவே மாற்றினேன்.

ஒரு அலுமாரிக்கு விலை போடும்போது பலகை, கீல், கூலி, மின்சாரம் என்று எல்லாவற்றையும் சேர்க்கிறோம். இயந்திரத்தின் தேய்மானத்தை எத்தனை பேர் சேர்க்கிறோம்? அதைச் சேர்க்காமல் பக்கத்துப் பட்டறையை விட மலிவாகக் கொடுக்கிறோம் என்று பெருமைப்படுவது கணக்குத் தெரியாத பெருமை.

“டெக்னீஷியனைக் கூப்பிட்டால் செலவு” என்பார்கள். பாதி வேலைக்கு அவர் தேவையே இல்லை. சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பிட்டுகளைக் கழற்றுகிறோம். பிட் நுழையும் குழிகளைத் தூரிகையாலும் வெக்கியூமாலும் சுத்தம் செய்கிறோம். குழிக்குள் தூள் இருந்தால் பிட் சரிந்து நிற்கும். பின்னர் நேரான 10 மில்லிமீற்றர் ஊசியொன்றைப் பூட்டி, கையால் சுழற்றி, டயல் கேஜில் ஆட்டத்தைப் பார்க்கிறோம். தீட்டிய பிட் நீளம் குறையும். அதன் வாலிலுள்ள திருகாணியால் பழைய நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். கிறீஸ் தயாரிப்பாளர் சொன்ன வகை, சொன்ன அளவு மட்டுமே. கூடுதலாக அடைத்தாலும் சூடேறும். கராஜில் கிடைக்கும் கிறீஸைக் கலக்கவே வேண்டாம்.

பாவித்த இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் விற்பவர் முன்னிலையில் அரை மணித்தியாலம் அதை ஓட விடுங்கள். சத்தத்தைக் கேளுங்கள். நிறுத்திய பின் தலைப்பகுதியின் மேல் கை வைத்துப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் சுட்டால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் முற்பணம் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.