மண்ணுல புரண்டா வீசிங் வராதா?

"அந்தக் காலத்துல புள்ளைக மண்ணுலதான் புரண்டுச்சு, எவனுக்கு வீசிங் வந்துச்சு?"

எங்க ஓடைப்பட்டி பக்கம் வீசிங் பேச்சு வந்தாலே கூடவே இந்த டயலாக்கும் வந்துரும். இதுல பாதி உண்மைங்க. மீதிப் பாதிதான் புள்ளைகளைப் படுத்துது.

முதல்ல உண்மையான பாதி. 1989ல டேவிட் ஸ்ட்ராச்சன்ங்கிற ஆராய்ச்சியாளர் 17,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் குழந்தைகளோட விவரங்களைப் பார்த்தார். கூடப்பிறந்தவங்க, அதிலும் மூத்தவங்க, அதிகமா இருந்த புள்ளைகளுக்கு மகரந்த அலர்ஜி குறைவு. சின்ன வயசுலயே அண்ணன் அக்காகிட்ட இருந்து கிருமி தொத்துறது ஒரு பாதுகாப்போ-ன்னு கேட்டார்.

அதைவிட சுவாரசியமானது 2016ல வந்த ஆய்வு. அமெரிக்காவுல ஆமிஷ், ஹட்டரைட்னு ரெண்டு விவசாய சமூகங்கள். ஐரோப்பாவுல இருந்து போனவங்க, மரபணு ரீதியாவும் நெருக்கம். ஆமிஷ் வீட்டுக்குப் பக்கத்துலயே மாட்டுத்தொழுவம், குதிரை. ஹட்டரைட் பண்ணை பெரிய மெஷின் பண்ணை, குழந்தைகள் புழங்குற இடத்துல இருந்து தள்ளி. ஆஸ்துமா ஆமிஷ் புள்ளைகள்ல சுமார் 5 சதவீதம், ஹட்டரைட்ல சுமார் 21! ஆமிஷ் வீட்டுத் தூசியை எலி மூக்குல விட்டா அதுக்கு அலர்ஜி ஆஸ்துமா அடங்குது. கிருமியை அடையாளம் காணுற எதிர்ப்பு சக்தி பாதையை எலிகிட்ட முடக்கிட்டா அந்தப் பலன் போயிடுது. ஆக, வேலை செய்யறது வெறும் தூசி இல்ல, அதுல இருக்கிற நுண்ணுயிர்களுக்கு உடம்பு காட்டுற பதில்.

சரி, இப்ப மீதிப் பாதி.

ஒண்ணு, எந்தக் கிருமி? தொழுவத்து பாக்டீரியா வேற, சளி வைரஸ் வேற. முதல் மூணு வயசுக்குள்ள ரைனோவைரஸால அடிக்கடி வீசிங் வந்த குழந்தைகளுக்குப் பின்னாடி ஆஸ்துமா வர்ற வாய்ப்பு அதிகம். "சளி புடிக்கட்டும், உடம்பு பழகும்"கிறது அபத்தம்.

ரெண்டு, எப்போ? இந்தப் பயிற்சி பெரும்பாலும் தாய் வயித்துலயும் பிறந்த முதல் சில வருஷத்துலயும் நடக்குது. ஏற்கனவே இளைப்பு இருக்கிற பத்து வயசுப் பையனைத் தொழுவத்துக்குத் துரத்தினா, அதே தூசி அவனுக்கு மூச்சை அடைக்கும். தடுப்பு வேற, வைத்தியம் வேற.

மூணு, கிராமம்னா வெறும் மாடும் மண்ணும் மட்டுமா? எங்க ஊர் திராட்சைக்குப் பேர் போனது. சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடிக்கிறது திராட்சை விளையுற எல்லா நாட்டுலயும் வழக்கம். கலிஃபோர்னியாவோட சாலினாஸ் பள்ளத்தாக்குல 2017ல வந்த ஆய்வு, கந்தகம் அதிகமா அடிக்கிற வயலுக்குப் பக்கத்துல இருக்கிற குழந்தைகளுக்கு நுரையீரல் திறன் குறைவா இருந்ததைக் காட்டுச்சு. இதோட விறகடுப்புப் புகை, குப்பை எரிக்கிற புகை. இதெல்லாம் எந்த எதிர்ப்பு சக்தியையும் வளர்க்காது சாமி!

எனக்குக் கோபமே இங்கதான். இந்தப் பாதி உண்மையை வெச்சுக்கிட்டு இன்ஹேலரைப் பீரோவுல பூட்டுறாங்க. பொம்பளப் புள்ளைன்னா இன்னும் மோசம், "நாளைக்கு எவன் கட்டுவான்?" 2019 கணக்குப்படி உலக ஆஸ்துமா நோயாளிகள்ல சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவுல. ஆனா உலக ஆஸ்துமா சாவுல நம்ம பங்கு 40 சதவீதத்துக்கு மேல. வியாதியை விட மருந்துக்குப் பயப்படுறதும் இதுக்கு ஒரு காரணம்.

"இன்ஹேலர் பழகிடும்"னு சொல்றவங்க கவனத்துக்கு: சால்புட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். இன்ஹேலர்ல ஒரு தடவை அழுத்தினா 100 மைக்ரோகிராம்தான், அதாவது 2 மில்லிகிராம் மாத்திரையில இருபதுல ஒரு பங்கு. அதுவும் நேரா நுரையீரலுக்குப் போகுது. மாத்திரை ஓகே, இன்ஹேலர் கூடாதுங்கிறது என்ன லாஜிக்?

கைக்குழந்தையை மண்ணுல விடுங்க, கன்னுக்குட்டியைத் தொட விடுங்க. தப்பே இல்ல. ஆனா இளைக்கிற புள்ளைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலர் புத்தகப்பையில இருக்கணும், பீரோவுல இல்ல.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்ல. டோஸ் விவரத்தை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. திட்டுறதை மட்டும் பின்னூட்டத்துல திட்டுங்க :-)