எடை கூடினால் போதுமா? மெலிந்த குழந்தைகளுக்கு உணவோடு ஏன் விளையாட்டும் தேவை?

2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலைமிட்டாயைத் தெரியாதவர்கள் இல்லை. அதே நிலக்கடலைதான், கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கு உலகம் முழுக்கத் தரப்படும் சிகிச்சை உணவிலும் முக்கியப் பொருள். அப்போ கடலைமிட்டாய் கொடுத்தா சரியாகிடுமா? ஆகாது. சிகிச்சை உணவில் கடலை விழுதுடன் பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, வைட்டமின்கள், தாது உப்புகள் எல்லாம் அளவோடு இருக்கும். மிட்டாயில் அது இல்லை. சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு.

யாருக்கு இந்தச் சிகிச்சை?

6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.-க்குக் குறைந்தால், அது அபாய எல்லை. இரண்டு பாதங்களிலும் வீக்கம் இருந்தாலும் அப்படித்தான். உயரத்துக்கேற்ற எடை மிகக் குறைவாக இருப்பவர்கள், தமிழகத்தில் 5 வயதுக்குட்பட்டோரில் 5.5% என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு.

நிறைய ஊட்டினால் தேறிவிடாதா?

அங்கேதான் சிக்கல். பட்டினியில் உடல் தன் வேகத்தைக் குறைத்திருக்கும். திடீரென அதிக உணவு போனால் ரத்தத்தில் உப்புகளின் அளவு மாறி, இதயமே தடுமாறலாம். அதனால் மருத்துவமனையில் முதலில் 100 மி.லி.க்கு 75 கலோரி மட்டுமே உள்ள பால், சிறிது சிறிதாக. பிறகே 100 கலோரி பால். பசி எடுத்து, வேறு நோய் இல்லாத குழந்தைக்கு வீட்டிலேயே சிகிச்சை உணவு தரலாம்.

தமிழகத்தில் 2022 மே 21-ல் நீலகிரியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் இது 8 வாரம் தரப்பட்டது. முதல் கட்டத்தில் 77.3% குழந்தைகள் இயல்புநிலைக்குத் திரும்பியதாக அரசு சொல்கிறது.

எடை ஏறியாச்சு. அப்புறம்?

மூளையும் தேற வேண்டுமே! ஜமைக்காவில் 1986-87-ல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. சிலர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் பணியாளர்கள் போய், குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது எனத் தாய்க்குக் காட்டினார்கள். 2 ஆண்டுகள், அவ்வளவுதான். 20 ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25% அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் 10 சிகிச்சைப் படிகளில் விளையாட்டும் அரவணைப்பும் ஒன்று.

தூத்துக்குடி கடற்கரைக்கு இதில் என்ன?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கூலிக்குப் போகும் குடும்பங்களில் கை இறுகும் காலம். சிகிச்சைக்கான 8 வாரமும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். வீட்டில் குழந்தைக்கு வரும் சிகிச்சை உணவை எல்லோரும் பகிர்ந்துகொண்டால் சிகிச்சை வீண். அது பலகாரம் அல்ல, மருந்து.

குழந்தை மெலிவதாகத் தோன்றினால், அங்கன்வாடியில் எடை, உயரம், கைச்சுற்றளவு பார்க்கச் சொல்லுங்கள். காலி டப்பாவும் மூடியும் போதும், விளையாட்டுக்குச் செலவே இல்லை. அப்பா கரையில் இருக்கும் அந்த 61 நாளை அதற்குத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாமே!