வட்டியில்லா வங்கியும் மனை விலையும்

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, வட்டி வாங்காத இஸ்லாமிய வங்கிகள் ஆட்டம் காணவில்லை என்று பெருமையாகப் பேசப்பட்டது. அதில் உண்மை உண்டு. கடனைப் பொட்டலம் கட்டிக் கைமாற்றி விற்கும் வியாபாரத்தை இஸ்லாமியச் சட்டமான ஷரீஅத் ஏற்பதில்லை. அதனால் அமெரிக்க வீட்டுக் கடன்களை வைத்துப் பின்னிய பத்திரங்களில் அவை பெரும்பாலும் சிக்கவில்லை.

ஆனால் அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. வளைகுடா, மலேசியா, துருக்கி உள்ளிட்ட 8 நாடுகளின் வங்கிகளை ஒப்பிட்டுப் பன்னாட்டு நிதிய ஆய்வாளர்கள் 2010-ல் எழுதிய அறிக்கை இதைக் காட்டுகிறது: 2008-ல் இஸ்லாமிய வங்கிகளின் லாபம் அவ்வளவாக அடிபடவில்லை, 2009-லோ மற்ற வங்கிகளைவிட அதிகமாகச் சரிந்தது. இதில் வியப்பில்லை. வட்டிக்குக் கடன் தராத வங்கி, பொருளை வாங்கி லாபம் வைத்துத் தவணையில் விற்கிறது. அந்தப் பொருள் கட்டடமும் மனையுமாகவே குவிந்தால், மனை விலை விழும் நாளில் வங்கிக்கும் அடிதான். 2009 நவம்பரில் துபாய் அரசின் நிறுவனமான துபாய் வேர்ல்டு கடனைக் கட்ட அவகாசம் கேட்டது. மனை, கட்டடத் தொழிலில் இருந்த அதன் துணை நிறுவனமான நக்கீலின் சுகூக் எனும் இஸ்லாமியக் கடன் பத்திரங்களுக்கு டிசம்பரில் பணம் கொடுக்க அண்டை அமீரகமான அபுதாபிதான் கைகொடுக்க வேண்டியிருந்தது. அதற்கும் முன்பே, 2001-ல் துருக்கியின் வட்டியில்லா நிதி நிறுவனமான இஹ்லாஸ் ஃபினான்ஸ் மூடப்பட்டபோது, காப்பீடு இல்லாத சேமிப்பாளர்கள் பட்ட பாடு நெஞ்சை உறுத்துகிறது.

வட்டி வேண்டாம் என்பவரின் நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் பணத்தை ஒப்படைக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அது எந்தத் துறையில் போடப்படுகிறது, நட்டம் வந்தால் யார் தலையில் விழும்?