செவ்வாத்தூர் மண்ணை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்

தமிழ்நாடு கனிம நிறுவன மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

திருப்பத்தூர் பக்கம் செவ்வாத்தூரில் உங்கள் நிறுவனம் வெட்டியெடுக்கும், களிமண் வகைக் கனிமமான வெர்மிகுலைட்டைப் பற்றி நாமக்கல்லிலிருந்து எழுதுகிறேன். கோழிப்பண்ணைக்காரருக்கு அந்தச் சுரங்கத்தில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். களிமண்ணின் அருமை எங்களுக்குத் தெரியும். மக்காச்சோளம் ஈரம்பட்டுப் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வந்துவிடும். அதற்காகத் தீவனத்தில் டாக்சின் பைண்டர் கலக்கிறோம். மூட்டையில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் உள்ளே பெரும்பாலும் பெண்டோனைட் போன்ற களிமண்தான். குடலில் நஞ்சைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு அது வெளியேறிவிடும்.

1986இல் செர்னோபில் அணு உலை வெடித்து, கதிரியக்கச் சீசியம் நார்வே, ஸ்வீடன் மேய்ச்சல் நிலங்கள் வரை போய்ப் படிந்தது. அங்கே கால்நடைகளுக்கும் துருவ மான்களுக்கும் சீசியத்தைப் பிடிக்க இதே பெண்டோனைட்டைத் தீவனத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். பிரஷ்யன் நீலம் என்ற நிறமி மிகக் கொஞ்ச அளவிலேயே நன்றாக வேலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கதிரியக்கக் கழிவுநீரைச் சுத்திகரிக்க டன் கணக்கில் பொருள் வேண்டும்போது மண்ணின் மலிவு பெரிய விஷயம்.

சீசியம்-137 பாதியாகக் குறையச் சுமார் 30 ஆண்டுகள் ஆகும். தண்ணீரில் பொட்டாசியம் போலவே கரைந்து திரியும். வெர்மிகுலைட்டோ புத்தகத் தாள்கள் போல அடுக்கடுக்கானது. இடையில் நுழையும் சீசியம் தன்னைச் சூழ்ந்த நீரை உதறிவிடும். அடுக்குகள் நெருங்கி வந்து அதை இறுக்கிக்கொள்ளும். ஃபுகுஷிமாவில் 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு சீசியம் பெருமளவு மேல்மண்ணிலேயே நின்றுபோனதற்கு இவ்வகைக் கனிமங்கள் முக்கியக் காரணம்.

கல்பாக்கத்தில் 1983இலும் கூடங்குளத்தில் 2013இலும் அணு மின்னுற்பத்தி தொடங்கியது. கழிவைச் சுத்திகரிக்க அணுசக்தித் துறையிடம் பிசின்கள், வீழ்படிவு முறைகள் எல்லாம் இருக்கின்றன. உங்கள் மண் இல்லாமல் அவர்கள் ஒன்றும் தவிக்கவில்லை. ஆனால் விபத்து நேரத்தில் லாரி லாரியாகத் தேவைப்படக்கூடிய பொருளின் குணம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா?

செவ்வாத்தூர் வெர்மிகுலைட் எவ்வளவு சீசியத்தைப் பிடிக்கும் என்று அளந்து வெளியிடுங்கள். கதிரியக்கப் பொருளைத் தொட வேண்டியதே இல்லை. கதிர்வீசாத சீசியம் குளோரைடு போதும். வேதியியலில் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் புவியமைப்பியல் துறையும் வேதியியல் துறையும் இருக்கின்றன. காய்ச்சி வடித்த நீரில் மட்டும் சோதித்துவிட்டு மார்தட்ட வேண்டாம். கடல்நீரிலும், எங்கள் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரிலும் செய்யுங்கள். அங்கேதான் பொட்டாசியமும் இடத்துக்குப் போட்டியிடும். சூட்டில் பொரித்த வெர்மிகுலைட்டையும் பொரிக்காததையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

'அணுக்கழிவைச் சுத்தமாக்கும் மண்' என்று விளம்பரம் மட்டும் வந்தால் நானே எதிர்த்து எழுதுவேன். கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் தண்ணீரோடு தண்ணீராகவே கலந்திருப்பதால் மண்ணில் நிற்காது. தைராய்டு சிகிச்சைக்குக் கொடுக்கும் அயோடின்-131 நீரில் அயோடைடாக, எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும். களிமண்ணும் அப்படியே என்பதால் ஒட்டாது. அதைத் தொட்டியில் தேக்கி வைத்தால் 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். சீசியத்தைப் பிடித்த மண்ணும் கழிவுதான். அதைச் சிமெண்டில் இறுக்கி, கான்கிரீட் குழிக்குள் வைத்து, தலைமுறைகளுக்குக் காவல் காக்க வேண்டும். கழிவின் அளவு சுருங்கும், அவ்வளவுதான்.

இன்று அந்த வெர்மிகுலைட் வெப்பத் தடுப்புக்கும் செடித் தொட்டிக்கும் போகிறது. போகட்டும். அதிலிருந்து சில கிலோ மாதிரியைச் சேலத்துக்கு அனுப்பிவையுங்கள். முடிவு சாதகமாக வந்தாலும் வராவிட்டாலும், எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நாமக்கல் கோழிப்பண்ணையாளர் ஒருவர்